உடைய வேண்டிய போல்ட் உடையட்டும்

கேள்வி:

அண்ணா, வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு புல்வெட்டு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பழைய கட்டடத்தை இடித்து மட்டம் செய்த 4 ஹெக்டர் காலி நிலம் எங்கள் பொறுப்பில் வந்திருக்கிறது. முழுக்க லாலாங் புல். உள்ளே கருங்கல், கான்கிரீட் துண்டு, அங்கங்கே கம்பி. 45 குதிரைத்திறன் டிராக்டரின் பின்னால் 5 அடி ஸ்லாஷர் (அடியில் பிளேடு சுழன்று புல் வெட்டும் கருவி) மாட்டி வெட்டுகிறோம். பலமான அடி விழுந்தால் அறுவதற்கென்றே போடும் ஷியர் போல்ட் மாதம் நாலைந்து உடைகிறது, பிளேடும் சீக்கிரம் வீணாகிறது. 16 மில்லிமீட்டர் தகட்டில் பிளேடு வெட்டி ஆடாமல் வெல்டு வைத்துவிடு, ஷியர் போல்ட்டுக்குப் பதில் எளிதில் அறாத ஹைடென்சில் போல்ட் போடு என்கிறார் பாஸ். பிளேடே வேண்டாம், சங்கிலி மாட்டு என்கிறார் இன்னொருவர். முன்பக்கச் சங்கிலித் திரையில் புல் அடைத்துக்கொள்கிறது என்று அதை ஏற்கெனவே கழற்றிவிட்டோம். டிரைவர் அண்ணன் போன வாரத்திலிருந்து அந்த நிலத்துக்குப் போகவே தயங்குகிறார். மெஷினைக் கல் நிலத்துக்கு ஏற்றமாதிரி பாதுகாப்பாக மாற்ற என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, முதலில் டிரைவர் அண்ணனிடம் போய் அவர் தயங்குவது சரிதான் என்று சொல்லிவிடுங்கள். அடுத்து, கழற்றிவைத்த அந்தச் சங்கிலித் திரையைத் தேடி எடுங்கள். அதைத் திரும்ப மாட்டும்வரை ஸ்லாஷர் ஓடக்கூடாது. மற்ற எல்லாம் அப்புறம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. 5 அடி ஸ்லாஷரில் பிளேடு நுனி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4.7 மீட்டர் தூரம் போகிறது. டிராக்டரின் பி.டி.ஓ. (எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குத் தரும் சுழல் அச்சு) நிமிடத்துக்கு 540 சுற்று என்றால், கியர்பாக்ஸ் அதைக் கூட்டி பிளேடை 1,000 சுற்று அளவில் சுழற்றும். உங்கள் மெஷினில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். அந்த வேகத்தில் நுனி மணிக்கு 280 கிலோமீட்டரைத் தொடுகிறது. விரைவுச்சாலையில் 90-இல் போகும் காரைப் போல மூன்று மடங்கு. கைக்குள் அடங்கும் 200 கிராம் கல் ஒன்று அதே வேகத்தில் கிளம்பினால் எவ்வளவு அடி அடிக்கும் தெரியுமா? ஒரு கிலோ கல்லை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் இருபதாவது மாடியிலிருந்து கீழே போட்டால் எவ்வளவோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. எல்லாக் கல்லும் நுனி வேகத்தோடு பறக்காது என்பது உண்மைதான். ஆனால் எந்தக் கல் பறக்கும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது. ஸ்லாஷர் தயாரிப்பவர்கள் பலர் கையேட்டில் 300 அடி, அதாவது 90 மீட்டருக்குள் ஆள் இருக்கக்கூடாது என்று எழுதுவது இதனால்தான்.

இப்போது உங்கள் பாஸ் சொன்ன யோசனைக்கு வருகிறேன். ஸ்லாஷரில் சில பாகங்கள் விட்டுக்கொடுப்பதற்காகவே செய்யப்பட்டவை. பிளேடு ஒற்றை போல்ட்டில் தொங்கி ஆடுகிறது. சுழலும்போது மையவிலக்கு விசையால் நேராக நிற்கும், கல்லில் பட்டால் பின்னால் மடங்கி வழிவிடும். அதற்கும் மீறிய அடி வந்தால் ஷியர் போல்ட் அறுந்து பி.டி.ஓ.வையும் கியர்பாக்ஸையும் பிரித்துவிடும். சங்கிலித் திரை புல்லுக்கு விலகிக்கொடுக்கும், கல்லின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். கல் நிலத்தில் இந்த மூன்றும்தான் ஆளையும் மெஷினையும் காப்பாற்றுகின்றன. உங்களுக்குச் சொல்லப்பட்ட மாற்றங்களோ மிகச் சரியாக இந்த மூன்றையும்தான் ஒழிக்கின்றன. கல் நிலத்துக்காக மெஷினைக் கெட்டிப்படுத்துவது தப்பில்லை. ஸ்லாஷரின் இரும்புக் கூட்டை, அடித்தட்டை, டிரைவரைச் சுற்றியுள்ள காப்பைக் கெட்டிப்படுத்துங்கள். விட்டுக்கொடுக்கும் பாகத்தை மட்டும் அது இருக்கிறபடியே விடுங்கள்.

பிளேடை வெல்டு வைப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையைப் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். பிளேடு சாதாரண இரும்பு இல்லை, சூடாக்கிப் பதப்படுத்திய எஃகு. அதில் வெல்டு வைத்தால் வெல்டுக்கு ஓரமாக இருக்கும் பகுதி கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. விரிசல் உள்ளே ஓடி, ஒருநாள் பிளேடே துண்டாகிப் பறக்கும். கல்லையாவது சங்கிலித் திரை ஓரளவு தடுக்கும், பிளேடுத் துண்டைத் தடுப்பது கஷ்டம். ஆடாத பிளேடு கல்லில் மோதினால் அந்த அடி நேரே ஸ்பிண்டிலுக்கும் (பிளேடைச் சுழற்றும் அச்சு) கியர்பாக்ஸுக்கும் போகிறது. அப்புறம் எடை. 12 மில்லிமீட்டர் பிளேடை அதே அளவில் 16 ஆக்கினால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். அந்தக் கூடுதல் எடைக்கு அந்த ஷாஃப்டும் பேரிங்கும் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை இல்லை. பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகு பிளேடு நிற்கவும் நேரம் கூடும்.

சங்கிலி மாட்டும் யோசனை இன்னும் மோசம். கையில் பிடிக்கும் பிரஷ் கட்டரில் கண்ணியும் கண்ணியுமாகக் கோத்த சங்கிலித் தலைகளை விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் தடை செய்தது. ஒரு கண்ணி அறுந்து பறந்து ஆள் இறந்துபோன பிறகு வந்த தடை அது. உங்கள் மெஷின் டிராக்டர் மெஷின், அந்தத் தடை அதைப் பற்றியது இல்லை. ஆனால் கண்ணி அறுவதும் பறப்பதும் எந்த மெஷினிலும் ஒன்றுதான். உங்கள் ஸ்லாஷருக்கென்று தயாரிப்பாளரே கொடுக்காத எதையும் அந்தச் சுழலும் அச்சில் மாட்டாதீர்கள்.

ஷியர் போல்ட் விஷயத்தில் என்னிடம் ஒரு பாவக்கணக்கு இருக்கிறது. இங்கு வந்த புதிதில், ஒரு கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தபோது, ஷியர் போல்ட் தீர்ந்துபோய் வேலை நின்றது. போர்மேன் அவசரப்படுத்தினார், நான் பெட்டியில் கிடந்த 10.9 ஹைடென்சில் போல்ட்டைப் போட்டு அனுப்பினேன். இரண்டாவது நாள் ஸ்லாஷர் புல்லுக்குள் மறைந்திருந்த கான்கிரீட் கால்வாய் விளிம்பில் மோதியது. போல்ட் நின்றது. கியர்பாக்ஸ் கூடு வாய் பிளந்து எண்ணெய் முழுக்கப் புல்லில் கொட்டியது, பி.டி.ஓ. ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டது. அந்த ஷாஃப்ட் அறுந்து சுழன்றிருந்தால் டிரைவரின் முதுகுக்கு ஒரு கை தூரம்தான். அவர் ராமநாதபுரத்துக்காரர், மூன்று பெண் பிள்ளைகள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் போல்ட்டைப் போட்டது என் கை, அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அதனால் உங்கள் போல்ட் ஏன் உடைகிறது என்பதைக் கவனமாகப் பார்ப்போம். டிரைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போல்ட் எப்போது உடைகிறது, கல்லில் மோதும்போதா, பி.டி.ஓ.வைப் போட்ட உடனேயா? பலருக்கு விடை இரண்டாவதாக இருக்கும். எஞ்சினை முழு வேகத்தில் வைத்து பி.டி.ஓ.வைத் தட்டினால், நின்றுகிடக்கும் பிளேடின் பாரம் முழுவதும் ஒரே நொடியில் போல்ட் மேல் விழுகிறது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு பி.டி.ஓ.வைப் போட்டு, பிளேடு சுழல ஆரம்பித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினால் இந்த உடைசல் நின்றுபோகும். காசு செலவில்லை.

அடுத்து, போல்ட் போகும் துளையைப் பாருங்கள். பல முறை உடைந்த இடத்தில் துளை முட்டை வடிவமாக வாய் விரிந்திருக்கும். அப்படி இருந்தால் போல்ட் உள்ளே ஆடி ஆடி, மோதலே இல்லாமல் களைத்து அறுந்துவிடும். யோக்கை, அதாவது அந்தத் துளை இருக்கும் ஷாஃப்ட் முனையை, மாற்ற வேண்டியதுதான். போல்ட்டின் தலையில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். சில தயாரிப்பாளர்கள் 4.6 கேட்பார்கள், சிலர் 8.8 கேட்பார்கள். கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதே அளவு, அதே கிரேடு. இருபது முப்பது வாங்கி டிராக்டரின் பெட்டியிலேயே போட்டுவையுங்கள். கையில் சரியான போல்ட் இருந்தால் யாரும் தப்பான போல்ட்டைத் தேட மாட்டார்கள். எனக்கு அன்று நேர்ந்தது போல்ட் கையில் இல்லாததால்தான்.

இவ்வளவு செய்தும் கல்லில் மோதித்தான் உடைகிறது என்றால், ஷியர் போல்ட் ஷாஃப்டுக்குப் பதில் ஸ்லிப் கிளட்ச் வைத்த ஷாஃப்ட் போடலாம். கல் நிலத்துக்கு நான் மனமாரச் சொல்லும் மாற்றம் இது. மோதினால் கிளட்ச் தட்டுகள் வழுக்கி அடியை வாங்கிக்கொள்ளும், மறுபடி ஓடும். ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஷாஃப்டின் நீளம் மாறும். ஸ்லாஷரைத் தூக்கி இறக்கிப் பார்த்து, குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று போதிய அளவு நுழைந்திருக்கிறதா, எங்காவது முட்டுகிறதா என்று சரிபார்த்து வெட்ட வேண்டும். இன்னொன்று நம் ஊர் ஈரம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் கிளட்ச் தட்டுகள் ஒரு மாதம் சும்மா இருந்தாலே துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கிளட்ச் வழுக்காது, அது ஹைடென்சில் போல்ட் போட்டதற்குச் சமம். அதனால் இடைவெளி விட்டு ஓட்டும்போதெல்லாம் கையேட்டில் சொன்னபடி ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, தட்டுகளில் சாக்பீஸால் கோடு போட்டு, ஓரிரு நொடி வழுக்கவிட்டு, கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப முறுக்க வேண்டும்.

பிளேடு தாங்கியை மாற்ற முடியுமா என்றும் விசாரியுங்கள். உங்களுடையது நேரான பட்டையில் பிளேடு தொங்கும் வகை என்றால், அதே தயாரிப்பாளரிடம் வட்டச் சட்டி மாதிரியான தாங்கி கிடைக்கலாம். ஸ்டம்ப் ஜம்பர் என்பார்கள். கல்லோ கட்டையோ வந்தால் சட்டியின் வயிறு அதன்மேல் வழுக்கி ஏறிப் போய்விடும், ஸ்பிண்டில் நட்டு அடிவாங்காது. பிளேடை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள், ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் நிறை சமமில்லாமல் அதிரும். பிளேடு போல்ட்டும் அதோடு புதுசு. தினமும் காலையில் டிராக்டரை அணைத்து, சாவியை எடுத்து, ஸ்லாஷருக்குக் கட்டை முட்டுக்கொடுத்துவிட்டு, பிளேடை நீளமான கட்டையால் தள்ளிப் பாருங்கள். லாலாங் நார் போல்ட்டில் சுற்றி இறுகிப்போய் பிளேடு மடங்காமல் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். யாரும் வெல்டு வைக்காமலே வெல்டு வைத்த மாதிரி ஆகிவிடும்.

சங்கிலித் திரையில் புல் அடைப்பது உண்மைதான், ஆளுயர லாலாங்கில் அடைக்கத்தான் செய்யும். அதற்குத் தீர்வு இரண்டு தடவை வெட்டுவது. முதல் தடவை 250, 300 மில்லிமீட்டர் உயரத்தில், பாதி அகலம் மட்டும் கடித்து, மெதுவாக. பெரும்பாலான கல் அந்த உயரத்துக்குக் கீழேயே கிடக்கும். புல் சாய்ந்ததும் நிலம் கண்ணுக்குத் தெரியும். அப்போது ஆட்கள் வரிசையாக நடந்து கல்லைப் பொறுக்கட்டும், பொறுக்க முடியாததற்குப் பக்கத்தில் கொடி நடட்டும். பூட்ஸும் கெட்டிக் கையுறையும் கட்டாயம், லாலாங்குக்குள் மலைப்பாம்பு கிடக்கும். இரண்டாவது தடவை 100, 150 மில்லிமீட்டருக்கு இறக்கலாம். அதற்குக் கீழே அந்த நிலத்தில் போகவே வேண்டாம். அது கால்பந்துத் திடல் இல்லை.

சங்கிலி வரிசை இரட்டையாக, ஒன்றின் இடைவெளியை மற்றொன்று மறைக்கும்படி, தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்க வேண்டும். முன்னும் பின்னும். அதன் உள்பக்கமாக, துணி அடுக்கு வைத்த பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரைத் தொங்கவிடலாம். கூட்டின் ஓரத்தைத் தகடு வைத்துத் தடிமனாக்கலாம். பக்கவாட்டில் தரையில் உரசும் சறுக்குத் தகட்டை போல்ட்டில் மாட்டும்படி செய்துகொண்டால் தேய்ந்ததும் மாற்றலாம். இங்கெல்லாம் வெல்டிங் செய்யலாம், தாராளமாக. ஆனால் வெல்டிங் எர்த் கிளிப்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள், டிராக்டரிலிருந்து ஸ்லாஷரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். கிளிப்பை டிராக்டரில் மாட்டிவிட்டு ஸ்லாஷரில் வெல்டு வைத்தால் மின்சாரம் கியர்பாக்ஸ் பேரிங் வழியாகப் பாய்ந்து அதில் குழி விழவைக்கும். ஆறு மாதம் கழித்துப் பேரிங் கத்தும்போது காரணம் யாருக்கும் தெரியாது.

டிராக்டரில் நான் செய்யச் சொல்வது: சீட்டுக்குப் பின்னால், வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் காப்புச் சட்டத்தின் மேல் கம்பி வலையோ பாலிகார்பனேட் தகடோ, அந்தச் சட்டத்தில் துளை போடாமலும் வெல்டு வைக்காமலும் கிளாம்ப் போட்டு மாட்ட வேண்டும். அடியில் எண்ணெய்த் தொட்டிக்கும் ஹைட்ராலிக் குழாய்களுக்கும் ஒரு காப்புத் தகடு. டயர் பக்கச்சுவர் கெட்டியான ஆர்4 வகை, காற்றுவால்வுக்கு இரும்பு மூடி. முன்பாரம் போதுமா என்று எடை போட்டுப் பாருங்கள், ஸ்லாஷரைத் தூக்கிய நிலையில் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பிடிக்காது. காப்புச் சட்டம் நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் போடாமல் ஓட்டக்கூடாது. கல்லில் ஒரு சக்கரம் ஏறி வண்டி சாயும்போது ஆள் வெளியே விழுந்தால் அந்தச் சட்டமே அவர்மேல் விழும்.

கம்பிக்கு மட்டும் எந்த மாற்றமும் கிடையாது. கல்லை மெஷின் எப்படியோ சமாளிக்கும். கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் சுருண்டு கிடக்கும் வேலிக்கம்பியும் ஸ்பிண்டிலில் சுற்றி, சாட்டை மாதிரி வெளியே வீசும். கம்பி இருக்கும் பகுதியை அளந்து கயிறு கட்டி ஒதுக்குங்கள். கிரைண்டரால் தரைக்குக் கீழே வெட்டி எடுக்கும்வரை அங்கே ஸ்லாஷர் போகக்கூடாது. அதுவரை நைலான் நூல் போட்ட பிரஷ் கட்டரால்தான் வெட்ட வேண்டும். சாலை ஓரமும் நடைபாதை ஓரமும் அதே மாதிரிதான். 90 மீட்டர் ஆளில்லாத இடம் சிங்கப்பூரில் எங்கே கிடைக்கும்? கிடைக்காத பக்கத்தில் பிரஷ் கட்டரும், கூடவே ஓர் ஆள் கையில் பிடித்து நிற்கும் வலைத்திரையும்.

ஓட்டும் முறையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், இதில்தான் நிறையக் கல் பறக்கிறது. வரிசை முடிந்து திரும்பும்போது பிளேடு சுழலச் சுழல ஸ்லாஷரைத் தூக்குவார்கள். அந்த நொடியில் சங்கிலித் திரை தரையை விட்டு மேலே போய், அடிப்பக்கம் முழுவதும் திறந்துவிடுகிறது. பி.டி.ஓ.வை நிறுத்தி, பிளேடு நின்ற பிறகு தூக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் நேரம் பிடிக்கும் என்று பாஸ் சொல்வார். கணக்கோடு போங்கள். 5 அடி ஸ்லாஷர் மணிக்கு 6 கிலோமீட்டரில் போனால் 4 ஹெக்டரை, திரும்பும் நேரம் சேர்க்காமல், நாலரை மணி நேரத்தில் முடிக்கும். 4 கிலோமீட்டரில் போனால் ஆறே முக்கால் மணி. வித்தியாசம் இரண்டேகால் மணி நேரம். இரண்டு தடவை வெட்டினால் ஒன்றிரண்டு நாள் கூடும். ஒரு கியர்பாக்ஸ் வாங்கி வரும்வரை டிராக்டர் எத்தனை நாள் சும்மா நிற்கும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006-இல் வந்தது, 2011 செப்டம்பரிலிருந்து எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. மெஷினைச் செய்தவருக்கும் விற்றவருக்கும் மட்டுமல்ல, மாற்றியமைப்பவருக்கும் அந்தச் சட்டம் கடமை வைக்கிறது. அபாய மதிப்பீட்டை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். விபத்து நடந்தாலோ வேலைமுறை பெரிதாக மாறினாலோ உடனே திரும்பச் செய்ய வேண்டும். சங்கிலித் திரையைக் கழற்றியதே அப்படிப்பட்ட மாற்றம்தான். இதை பாஸிடம் மிரட்டலாகச் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். முதலாளிகள் பலர் கேட்டுக்கொள்வார்கள், தெரியாமல் செய்வதுதான் அதிகம். ஒருவேளை அந்த நிலத்தை ஒப்பந்தம் முழுக்க வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் ஃபிளெய்ல் மோவர் வாடகைக்குக் கிடைக்குமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பெரிய பிளேடுக்குப் பதில் சின்னச் சின்னச் சுத்தியல்கள் படுக்கை உருளையில் தொங்கும். கல் பட்டால் ஒவ்வொன்றாக மடங்கும், கல் பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே அடிபட்டுக் கீழே விழும். ஸ்லாஷரை எவ்வளவு மாற்றினாலும் அந்த அளவுக்கு வராது.

நாளைக் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சில்) டிரைவர் அண்ணனைப் பேசச் சொல்லுங்கள். அந்த நிலத்தின் படம் ஒன்றை வரைந்து அவர் கையில் கொடுத்து, எங்கெங்கே டங்கென்று சத்தம் கேட்டது, எங்கே போல்ட் உடைந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். கொடி நட வேண்டிய இடங்கள் உங்கள் கையில் வந்துவிடும். ஷியர் போல்ட் துளையையும் பிளேடு தாங்கியையும் படம் எடுத்து அனுப்புங்கள், யோக் மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.